வியப்புக்குப் பிறகு

வியப்பை விமர்சகன் நம்புவதில்லை. 'அபாரம்' என்று ஒருவன் சொல்லிவிட்டால் மேற்கொண்டு சொல்ல அவனிடம் சரக்கில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் இது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சில கலைகள் வியப்பைக் கிளப்பியே இயங்குகின்றன. அங்கே வியப்பை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போக வழி கிடையாது. அமெரிக்கக் கிராமிய இசையிலிருந்து கிளைத்து, கன்ட்ரி என்று பெயர் பெற்றுவிட்ட கிதார் வாசிப்பு அப்படிப்பட்டது. கைவன்மையை மறைத்துக்கொள்ளும் நாசூக்கு அதற்கு இல்லை. 'பார், இதைப் பார்' என்று சொல்லிக்கொண்டேதான் வாசிக்கிறது. ஆகவே ரஸனை எங்கே தொடங்கி எங்கே நின்றுவிடுகிறது என்று யோசிக்க அது ஒரு நல்ல இடம்.

எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஒன்றே ஒன்று. 1978 டிசம்பர் 31 இரவு, வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதியில், செல்லர் டோர் என்ற சிறிய அரங்கில் டானி கேட்டனும் பட்டி எம்மன்ஸும் பாஸ், டிரம்ஸ் துணையோடு வாசித்தார்கள். குடித்துக்கொண்டே இசை கேட்கும் இடம் அது. இருநூறு பேர்கூட உட்கார முடியாது. எட்டு வருஷம் முன்பு, 1970 டிசம்பரில், மைல்ஸ் டேவிஸ் வாசித்துப் பதிவு செய்ததும் இதே மேடையில்தான். கேட்டன் வாசித்தது எலெக்ட்ரிக் கிதார். எம்மன்ஸ் வாசித்தது பெடல் ஸ்டீல் கிதார். குழுவுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'ரெட்நெக் ஜாஸ் எக்ஸ்ப்ளோஷன்'. அந்த இரவின் ஒலிநாடா பதினாறு வருஷம் கிடப்பில் இருந்து, 1995இல், கேட்டன் இறந்த அடுத்த வருஷம், தட்டாக வெளிவந்தது. வெளியிட்டது அவர் தாயார் நடத்திய என்.ஆர்.ஜி. என்ற சிறு கம்பெனி.

இந்தப் பதிவுக்கென்று ஒரு ரசிகர் வட்டம் இருக்கிறது. பெரும்பாலும் தாங்களே கிதார் வாசிப்பவர்கள். அவர்களுடைய வியந்தோதலை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அது மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்று: இது மனித விரல்களுக்கு எப்படிச் சாத்தியம்? இரண்டு: இதைக் கேட்டபின் என் கிதாரைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாம். மூன்று: இப்பேர்ப்பட்டவரை உலகம் அறியவில்லையே.

முதல் வாக்கியத்தில் ஒரு நிஜமான கேள்வி இருக்கிறது. இரண்டாவதில் அந்தக் கேள்வி கைவிடப்படுகிறது. மூன்றாவதில் ஒரு பொய் நுழைகிறது. மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும்.

1

எப்படிச் சாத்தியம் என்று கேட்கிறவர்கள் உடனே வேகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். வேகம் மட்டும்தான் விஷயம் என்றால் தையல் இயந்திரமும் வேகமாகத்தான் ஓடுகிறது. இந்த வேகம் எதன் பொருட்டு என்பதை இரண்டு கருவிகளின் அமைப்பிலிருந்தே அறியவேண்டும்.

பெடல் ஸ்டீல், கால்கள் வைத்த நீண்ட மேஜை போன்ற கருவி. வாசிப்பவர் அதன்முன் உட்கார்ந்துகொள்கிறார். தலா பத்துத் தந்திகள் கட்டிய இரண்டு கழுத்துகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அழுத்திப் பிடிக்க மெட்டுகள் கிடையாது. இடது கையில் வழவழப்பான ஓர் எஃகு உருளை. அதைத் தந்திகளின்மேல் நகர்த்தித்தான் ஸ்வரம் பிடிக்கவேண்டும். வலது கை விரல்களில் மாட்டிய நகங்கள் மீட்டுகின்றன. இடது பாதம் பெடல்களை மிதிக்கிறது. முழங்கால்கள் நெம்புகோல்களைத் தள்ளுகின்றன. வலது பாதம் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. ஒரு பெடலை மிதித்தால் அதற்கென்று அமைத்த தந்திகள் மட்டும் இழுபட்டு மேல் ஸ்வரத்துக்கு ஏறுகின்றன. மற்றவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன. சேர்ந்து நிற்கும் மூன்று பேரில் ஒருவர் மட்டும் மெல்ல நகர்ந்து வேறு இடத்தில் போய் நிற்பதுபோல. கன்ட்ரி இசையின் அழுகை என்று சொல்லப்படுவதெல்லாம் இந்த ஓர் அசைவில் இருக்கிறது.

கேட்டனின் பெயரோடு சேர்ந்துபோன கருவி 1953ஆம் வருஷத்து ஃபெண்டர் டெலிகாஸ்டர். அடர்த்தியான ஒரு மரப்பலகை, அதில் திருகிய கழுத்து, ஆறு தந்திகள், இரண்டு பிக்கப். அவ்வளவுதான். பெடல் இல்லை, நெம்புகோல் இல்லை. பெடல் செய்வதை இங்கே விரல் செய்தாகவேண்டும். ஒரு தந்தியை அசையாமல் அழுத்திக்கொண்டு பக்கத்துத் தந்தியை மட்டும் வேறு விரலால் தள்ளி, மிகச் சரியாக அடுத்த ஸ்வரம்வரை ஏற்றவேண்டும். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் கேலிக்கூத்தாகிவிடும். இதற்கிடையில் வலது கைச் சுண்டுவிரல் ஒலிக்குமிழைச் சுற்றி, மீட்டிய கணத்தின் அறையோசையை மறைத்து, நாதத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடவேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிளெக்ட்ரத்தைப் பிடித்திருக்க, நடுவிரலும் மோதிர விரலும் தனியே தந்திகளைப் பறிக்கின்றன. அதிலிருந்து பாஞ்சோவின் உருட்டல் வருகிறது.

சுருக்கமாகச் சொன்னால் கேட்டனின் கிதார் பெடல் ஸ்டீலாக ஆசைப்படுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் எம்மன்ஸ் என்ன செய்கிறார்? அவர் அந்த அழுகையில் அலுத்துப்போனவர். லிட்டில் ஜிம்மி டிக்கன்ஸ், எர்னஸ்ட் டப், ரே ப்ரைஸ் என்று பெரிய பாடகர்களின் குழுக்களில் வாசித்துத் தேர்ந்தபின், 1963இல் நியூயார்க் ஜாஸ் கலைஞர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு 'ஸ்டீல் கிதார் ஜாஸ்' என்ற தட்டை வெளியிட்டார். அவருடைய ஸ்டீல் ஸாக்ஸபோனாக ஆசைப்படுகிறது. ஊதுகிறவன் மூச்சு விடும் இடங்களில் அதுவும் நிறுத்திக்கொள்கிறது. இந்த ஆசைகள் இரண்டும் ஒரே மேடையில் சந்திக்கின்றன. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கும்போது சில கணங்கள் யார் வாசிப்பது என்று காதுக்குத் தெரியாமல் போகிறது. இந்த மயக்கத்துக்காகத்தான் அவ்வளவு பாடும்.

இந்த இரு கருவிகளும் அந்நியர்கள் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். லியோ ஃபெண்டர் வானொலி பழுது பார்ப்பவராக இருந்து, 1940களின் நடுவில் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிதார்களைச் செய்துதான் தொழிலுக்கு வந்தார். டெலிகாஸ்டர் பிறந்தது அதற்குப் பிறகு, 1950களின் தொடக்கத்தில். அதன் கூர்மையான உலோகத் தொனியில் ஸ்டீலின் ரத்தம் ஓடுகிறது. கேட்டன் ஸ்டீலைத் தேடிப் போவது ஒருவகையில் தன் கருவியின் முன்னோரைத் தேடிப் போவதுதான்.

ஆக, 'எப்படி' என்ற கேள்வியைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போனால் அது 'ஏன்' என்ற கேள்வியில் கொண்டுபோய் விடுகிறது. ஒரு கருவி தனக்கு இயற்கையில் அளிக்கப்படாத ஒன்றை வேண்டுகிறது. அந்த வேண்டுதலின் உழைப்புதான் நமக்கு வித்தையாகத் தெரிகிறது. வித்தை வேறு கலை வேறு என்று பிரித்துப் பேசும் நம் பழக்கம் இங்கே உதவாது. எதையும் வேண்டாமல் வெறுமனே விரலை ஓட்டுகிறவனுக்கு அந்தப் பிரிவினை பொருந்தும். கேட்டனும் சில சமயம் அப்படி ஓட்டியிருக்கிறார். பீர் பாட்டிலால் தந்திகளைத் தேய்த்து வாசிப்பார். வழிந்த பீரைத் துடைக்கத் துண்டைப் போட்டு, அந்தத் துண்டுக்கு அடியிலேயே தொடர்ந்து வாசிப்பார். கூட்டத்துக்கு இது ரொம்பப் பிடிக்கும். அது வேடிக்கை, வேடிக்கையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதையும் பெடல் ஸ்டீலுக்கான அந்தத் தவிப்பையும் ஒரே மூச்சில் 'அபாரம்' என்று சொல்லும்போதுதான் ரஸனை மழுங்குகிறது.

2

இரண்டாவது வாக்கியம், கிதாரைப் பரணில் போடுவது. இது பணிவாகத் தோன்றுகிறது. எனக்கு இதில் பணிவு தெரியவில்லை, சோம்பல்தான் தெரிகிறது. ஒரு கலைஞனை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டால் அவனிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ளும் பொறுப்பு நமக்கு இல்லாமல் போய்விடுகிறது.

இந்த இசையின் சரித்திரமே இதற்கு எதிரான சாட்சி. கென்டக்கி மாநிலத்தின் மூலன்பர்க் கவுண்ட்டி, நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பிரதேசம். அங்கே 1917இல் பிறந்த மெர்ல் டிராவிஸ், கட்டைவிரலால் பாஸையும் தாளத்தையும் நடத்திக்கொண்டே ஆள்காட்டி விரலால் மெட்டை வாசிக்கும் முறையை உலகறியச் செய்தார். இரண்டு மூன்று பேர் வாசிக்கவேண்டியதை ஒருவரே வாசிப்பதுபோல் கேட்கும். முறை அவர் கண்டுபிடித்தது இல்லை. மோஸ் ரேகர், ஐக் எவர்லி என்ற உள்ளூர்க்காரர்களிடமிருந்து அவருக்கு வந்தது. அவர்களுக்குப் பின்னால் கென்னடி ஜோன்ஸ், அவருக்கும் பின்னால் ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர். ஷுல்ட்ஸ் 1931இல் இறந்தார். அவருடைய வாசிப்பு எந்த இசைத்தட்டிலும் இல்லை. மற்றவர்களின் விரல்களில் மட்டும் இருக்கிறது.

1930களின் இறுதியில் டிராவிஸ் சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ. வானொலியில் வாசிக்கிறார். தொலைவில், ஜார்ஜியாவில், செட் அட்கின்ஸ் என்ற பையன் அதைக் கேட்கிறான். அவனுக்கும் இதே கேள்விதான் எழுகிறது: எப்படி? ஆள் கண்ணில் படவில்லை. சத்தம் மட்டுமே வருகிறது. ஒரே ஒரு விரலும் கட்டைவிரலும் இவ்வளவும் செய்யும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கட்டைவிரலோடு இரண்டு மூன்று விரல்களையாவது உபயோகிக்கிறார் என்று தீர்மானித்துக்கொண்டு அப்படியே பழகுகிறான். அனுமானம் தப்பு. அந்தத் தப்பிலிருந்து அட்கின்ஸின் பாணி பிறந்தது. டிராவிஸின் துள்ளல் குறைந்து, குரல்கள் ஒவ்வொன்றும் தெளிவாகப் பிரிந்து கேட்கும் வேறொரு வாசிப்பு. அதற்குப் பின் வந்த பல தலைமுறைகள் அந்தத் தப்பான யூகத்தின் வாரிசுகள்.

எம்மன்ஸின் கதையும் இதுவே. 1954இல் வெளிவந்த வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்து, கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரத் தொகுதி) ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதன் உள்ளே ஸ்வரங்களை நகர்த்திக் காட்டினார். நாடெங்கும் ஸ்டீல் வாசிப்பவர்கள் திகைத்துப்போய்த் தங்கள் கருவிகளில் பெடல் பொருத்த ஆரம்பித்தார்கள். அந்தப் பாட்டில் ஒரே பெடல் இரண்டு ஸ்வரங்களையும் சேர்த்து மாற்றியது. இருபது வயதுகூட நிரம்பாத எம்மன்ஸ் அதைக் கேட்டுவிட்டு அப்படியே திருப்பிச் செய்து திருப்தி அடையவில்லை. சேர்ந்து நகர்ந்த இரண்டையும் பிரித்து இரண்டு பெடல்களுக்குக் கொடுத்தார். இனி ஒன்றை அசைக்கலாம், மற்றதை நிறுத்தலாம், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அசைக்கலாம். இன்றைய பெடல் ஸ்டீலின் இலக்கணம் பெருமளவு இந்தப் பிரிப்பிலிருந்து வந்தது. பிறகு அவரே ஷாட் ஜாக்ஸனோடு சேர்ந்து ஷோ-பட் என்ற பெயரிலும், பின்னர் தன் சொந்தப் பெயரிலும் இந்தக் கருவியைச் செய்து விற்கும் கம்பெனிகளைத் தொடங்கினார்.

அட்கின்ஸும் எம்மன்ஸும் ரசிகர்களாகத்தான் ஆரம்பித்தார்கள். வியந்தார்கள். வியப்பைக் கைக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர் தவறாகக் கேட்டார், இன்னொருவர் கேட்டதைப் பிரித்துப் பார்த்தார். இரண்டுமே விமர்சனத்தின் வேலைகள். ஒரு படைப்பைக் குலைத்து அதன் பகுதிகள் எங்கே சேர்கின்றன என்று பார்ப்பதும், நம் தேவையின் வழியே அதைத் திரித்துக்கொள்வதும் மரியாதைக் குறைவு ஆகா. பரணில் போட்ட கிதார்தான் மரியாதைக் குறைவு.

கேட்டனுக்கு 'தி ஹம்ப்ளர்', அதாவது அடக்கி ஒடுக்குபவர், தலை குனிய வைப்பவர், என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஏமஸ் காரெட் என்ற சக கிதார்க் கலைஞர் வைத்தது. போட்டிக்கு நிற்கும் எவரையும் வாசித்து வீழ்த்திவிடுவார் என்று அர்த்தம். அந்த உலகில் இப்படிப்பட்ட போட்டிகளுக்குத் தலைவெட்டு என்றே பெயர். ராபர்ட் கோர்டன் என்ற ராக்கபில்லிப் பாடகருக்குப் பின்னால் கேட்டன் வாசித்த ஒரு நிகழ்ச்சியின் நாடா பல வருஷம் வாசிப்பவர்கள் மத்தியில் கைமாறிக்கொண்டிருந்தது. அதுவும் 1996இல் இதே பட்டப்பெயரோடு தட்டாக வந்தது. பெயரைக் கவனியுங்கள். ஒரு மனிதனின் இசைக்கு, அது மற்றவர்களைச் சிறுமைப்படுத்தும் சக்தியைக் கொண்டு பெயரிட்டிருக்கிறார்கள். வியப்பு ஆயுதமாகிவிட்டது. நாடாவைப் போட்டுக் காட்டுகிறவன் தான் வாசிக்காமலேயே எதிரே இருப்பவனை வென்றுவிடலாம்.

செல்லர் டோர் பதிவு இந்தப் பெயரைப் பொய்யாக்குகிறது என்பதுதான் அதன் முக்கியத்துவம். அங்கே யாரும் யாரையும் வெட்டவில்லை. கேட்டனுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது, எம்மன்ஸுக்கு நாற்பத்தொன்று. எம்மன்ஸ் தன் கருவியில் ஏற்கனவே ஒரு சகாப்தம். வாசித்து வீழ்த்துவது நோக்கமாக இருந்தால் அதற்கு எல்லா வசதியும் இருந்தது. ஆனால் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் பின்னால் நின்று தாங்கிக் கொடுக்கிறார். தலைவெட்டில் எதிராளியின் வாக்கியம் முடிவதற்காகக் காத்திருப்பார்கள். இங்கே அது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார்கள். வேகத்தை எண்ணிக்கொண்டிருக்கும் ரசிகனுக்கு இந்தக் காத்திருத்தல் காதில் விழுவதில்லை.

3

மூன்றாவது வாக்கியம்: உலகம் அறியவில்லையே. 1989 மார்ச்சில் 'கிதார் ப்ளேயர்' பத்திரிகை கேட்டனை அட்டையில் போட்டு, உலகின் தலைசிறந்த அறியப்படாத கிதார்க் கலைஞர் என்று அறிவித்தது. இந்தப் பட்டம் புதிதும் இல்லை. 1971இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி ராய் புகானனைப் பற்றி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியதை ஒட்டி அவருக்கும் இதே பட்டம் ஒட்டிக்கொண்டது. அவரும் டெலிகாஸ்டர்க்காரர், அவரும் வாஷிங்டன் சுற்றுவட்டார மதுக்கூடங்களில் வாசித்தவர். அட்டைப்படத்தில் வந்தபின், தொலைக்காட்சியில் வந்தபின், ஒருவர் எப்படி அறியப்படாதவராக இருக்கமுடியும்? பட்டத்தின் உள்முரண் யாரையும் உறுத்தவில்லை. ஏனென்றால் அது கலைஞனைப் பற்றிய தகவல் இல்லை. அதை உச்சரிப்பவனைப் பற்றிய தகவல். 'எல்லோருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும்' என்கிறான்.

கேட்டனை உலகம் கைவிட்டது என்ற கதையை உண்மைகளும் முழுசாக ஆதரிக்கவில்லை. எலெக்ட்ரா என்ற பெரிய கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்தது. அனகோஸ்டியா பகுதியில் அவர் சிறுவனாக வசித்த வீட்டின் விலாசத்தையே தலைப்பாக வைத்து '88 எல்மிரா ஸ்ட்ரீட்' 1991இல் வெளிவந்தது. கிராமிப் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரையானது. 1992இல் ப்ளூ நோட் வெளியிட்ட ஒரு ஜாஸ் தட்டில் ராய் ஹார்க்ரோவ், ஜோஷுவா ரெட்மன் போன்ற இளைஞர்களோடு வாசித்தார். 1993இல் இரண்டாவது தட்டுக்குப் பின் எலெக்ட்ரா அவரை விட்டுவிட்டது என்பதும் நிஜம். இதை ஏற்ற இறக்கங்கள் உள்ள ஒரு கலை வாழ்க்கை என்று சொல்லலாம். புறக்கணிக்கப்பட்ட மேதை என்ற வார்ப்படத்தில் ஊற்றினால் பாதி வழிந்துபோகிறது.

இதைவிட உபயோகமான கேள்வி, அவரை எந்த அலமாரியில் வைப்பது என்று வியாபாரிக்கு ஏன் தெரியவில்லை என்பது. 1920களில் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் தெற்கத்தி இசையை இரண்டாகப் பிரித்தன. கறுப்பர்களுக்கு ஒரு வரிசை, வெள்ளையர்களுக்கு ஒரு வரிசை. வெள்ளை வரிசைதான் பின்னால் கன்ட்ரி ஆயிற்று. விற்பனைக்காகப் போட்ட கோடு நாளடைவில் இயற்கையின் கோடுபோல ஆகிவிட்டது. ஆனால் கன்ட்ரியின் தனி அடையாளம் என்று சொல்லப்படும் வழுக்கும் ஸ்டீல் ஓசை ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகூகூ போன்ற ஹவாய்க் கலைஞர்கள் உருவாக்கி, 1915இல் ஸான்ஃப்ரான்ஸிஸ்கோ பொருட்காட்சிக்குப் பின் அமெரிக்கா முழுவதும் பரவிய மோகம் அது. இன்னோர் அடையாளமான கட்டைவிரல் முறையின் மூலத்தில் ஷுல்ட்ஸ் நிற்கிறார். 'வெள்ளைக் கிராமத்து இசை' என்ற வீட்டின் இரண்டு தூண்களையும் நட்டவர்கள் அந்த வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்.

'ரெட்நெக்' என்பது வெயிலில் கழுத்து சிவந்த ஏழை வெள்ளைக் கிராமத்தானைக் குறிக்கும் வசைச்சொல். ஜாஸ் கறுப்பர்கள் படைத்த நகரத்து இசை. இரண்டு சொல்லையும் ஒட்டவைத்துக் குழுவுக்குப் பெயரிடும்போது கேட்டன் அந்த வியாபாரக் கோட்டின்மேல் உட்கார்ந்துகொள்கிறார். வாஷிங்டன் அதற்கு ஏற்ற ஊர். பாதிக்கு மேல் கறுப்பர்கள் வாழ்ந்த நகரம். தெற்கிலிருந்து வேலை தேடி வந்த வெள்ளையரும் சுற்றிலும் குடியேறியிருந்தார்கள். கோட்டின் இரு பக்கத்து இசையும் ஒரே நகரத்தின் காற்றில் இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த காது இரண்டையும் கலக்கிறது என்று சொல்வதே பிழை. அந்தக் காதுக்கு அவை பிரிந்தே இருக்கவில்லை.

இங்கேதான் மூன்றாவது வாக்கியத்தின் பொய் தெளிவாகிறது. 'இவர் கன்ட்ரியும் வாசிப்பார், ஜாஸும் வாசிப்பார், ராக்கபில்லியும் வாசிப்பார்' என்று ரசிகன் பட்டியல் போடும்போது கம்பெனிக்காரனின் அலமாரியைத்தான் திருப்பி ஒப்பிக்கிறான். கலைஞன் அழித்துக் காட்டிய கோட்டை மறுபடி வரைந்துவிட்டு, அதை அவன் எவ்வளவு லாவகமாகத் தாண்டுகிறான் என்று கைதட்டுகிறான். அறியாத உலகத்தின்மேல் பழி போடுகிறவனே அந்த அறியாமையை நிலைநிறுத்துகிறான்.

சிறு வட்டங்களுக்கு இது இயல்பான நோய். இந்தப் பக்கங்களைப் படிக்கும் நாமும் ஒரு சிறு வட்டம்தான். நமக்கும் அறியப்படாத மேதைகள் உண்டு. அவர்கள் அறியப்பட்டுவிடக்கூடாது என்ற ரகசிய விருப்பமும் நம்மிடம் உண்டு. ஒரு கவிதைத் தொகுதி நூறு பேரிடம் மட்டும் இருக்கும்வரை அது நம் சொத்து. ஆயிரம் பேர் கைக்குப் போனதும் அதில் ஏதோ குறைந்துவிட்டதாகப் பேசத் தொடங்குகிறோம். தொகுதியில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது. 'இவனைப் படித்தபின் எவனும் எழுதக் கூசவேண்டும்' என்று எழுதுகிறோமே, அது நம்மூர் ஹம்ப்ளர். அதை எழுதியவர் அந்தக் கவிஞனின் ஒரு வரியையாவது பிரித்துப் பார்த்து, எந்தச் சொல் நின்ற இடத்தில் நின்றது, எந்தச் சொல் நகர்ந்தது என்று காட்டியிருக்கிறாரா என்று தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

4

கேட்டன் 1994 அக்டோபர் 4 அன்று மேரிலாந்தில் தன் பண்ணையில் தன்னைத் தானே மாய்த்துக்கொண்டார். காரணம் சொல்லிவிட்டுப் போகவில்லை. புகானன் அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1988 ஆகஸ்டில், வர்ஜீனியாவில் ஒரு சிறை அறையில் இறந்திருந்தார். அறியப்படாத மேதை என்ற கதைக்கு இந்த முடிவுகள் மிகவும் தோதாக அமைந்துவிட்டன. ரசிகர்கள் இன்று அந்த 1978ஆம் வருஷத்து வாசிப்பில் துயரத்தின் முன்னறிவிப்பைக் கேட்கிறார்கள். ஸ்டீல் போல் அழும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சாவுச் சேதி இருப்பதாகச் சொல்கிறார்கள்.

தட்டு அவர் செத்தபின் வந்ததால் நேர்ந்த மயக்கம் இது. பெரும்பாலோர் அதை ஒரு இறந்த மனிதனின் குரலாகவே முதலில் கேட்டார்கள். அந்த இரவில் அவருக்கு இன்னும் பதினாறு வருஷ வாசிப்பு மிச்சமிருந்தது. பழைய கார்களைப் பிரித்துப் போட்டு மாட்டுவதில் பித்துக்கொண்ட ஒரு மனிதர் கிதாரையும் அதே ருசியோடு பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். ஒருவரின் சாவை அவருடைய இசைக்கு விளக்கவுரையாக வைப்பது இசைக்கும் நியாயம் செய்யாது, சாவுக்கும் நியாயம் செய்யாது. காரணம் தெரியாத ஒரு மரணத்துக்கு நாம் தரக்கூடிய மரியாதை, காரணம் கற்பிக்காமல் இருப்பது.

எம்மன்ஸ் 2015 வரை, எழுபத்தெட்டு வயதுவரை, இருந்தார். அவரைப் பற்றி இந்த ரசிகர்கள் குறைவாகவே பேசுகிறார்கள். இது கவனிக்கத்தக்கது. அந்த மேடையில் பாதி இசை அவருடையது. தன் கருவியின் இலக்கணத்தையே மாற்றியமைத்தவர். தன் துறையில் எல்லோருக்கும் தெரிந்தவர், வயதாகி இறந்தவர். கதை எதுவும் இல்லாததால் வியப்பும் குறைந்துவிட்டது. அந்த வியப்பு இசையிலிருந்து மட்டும் வந்திருந்தால் இப்படிக் குறைய நியாயமில்லை.

செல்லர் டோர் 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டது. நாடாவில் இருப்பது ஒரு வருஷக் கடைசி இரவு, குடித்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு கூட்டம், கைதட்டல், இரண்டு மனிதர்கள். அந்தக் கூட்டத்துக்கு இது அபூர்வமான பதிவு என்று தெரியாது. எதிரே வாசிப்பவருக்கு என்ன ஆகப்போகிறது என்றும் தெரியாது. அவர்களுடைய கூச்சலும் ஒருவகை வியப்புதான். ஆனால் அதில் பட்டம் இல்லை, சொத்துரிமை இல்லை. வாசிப்புக்கு ஒரு கணம் பின்னால் வருகிறது, அடுத்த வாசிப்புக்காக அடங்கிவிடுகிறது. இப்போது இந்தத் தட்டை எடுத்துக் கேட்பவர்கள் முதல் தடவை தாராளமாக வியக்கட்டும். இரண்டாம் தடவை கேட்டனை விட்டுவிட்டு எம்மன்ஸை மட்டும் பின்தொடரட்டும். மூன்றாம் தடவை, ஒருவர் வாசிக்கையில் மற்றவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்கட்டும். விமர்சனம் செய்யவேண்டிய வேலையும் அந்த மூன்றாம் தடவைதான்.